பெயருக்கு ஒரு கட்டம்

நெகட்டிவைப் பட்டர் பேப்பர் உறையில் போட்டேன். உறையைப் பழைய டைரிக்குள் வைத்தேன். டைரியைத் துணிப்பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு திருவாரூரிலிருந்து சிவகாசிக்குப் புறப்பட்டேன். தஞ்சாவூரில் ஒரு பஸ் மாறி, மதுரையில் இன்னொன்று. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. டீ குடிக்க இறங்கியபோதும் பையைச் சீட்டில் வைக்க மனம் வரவில்லை. என் பக்கம் பேச அந்தப் பிலிம் துண்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்த நெகட்டிவில் இருந்தது ஆழித்தேர். எங்கள் ஊர்த் தேரின் உயரம் 96 அடி என்பார்கள். கீழவீதி முனையில் அது திரும்பும் நேரம்தான் படம் எடுப்பவனுக்கு உயிர்நிலை. அந்தச் சில நிமிடங்களில் தேர் லேசாகச் சாய்ந்தது போலத் தோன்றும். வடம் பிடித்தவர்கள் ஒரு பக்கம் இழுக்க, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அதன் போக்கைத் தீர்மானிப்பார்கள். திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்திய பிறகும் அந்த வேலை மனிதக் கைகளிடம்தான் இருந்தது, இருக்கிறது. தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்றேன். கையில் யாஷிகா மேட், ஒரு ரோலில் பன்னிரண்டு படம். “ஆரூரா, தியாகேசா” என்று வீதி முழுக்க எழும்பிய குரலில் மாடிச் சுவரே அதிர்ந்தது. ஏழாவது படத்தில் எல்லாம் கூடி வந்தது. தேர் முழுதாக, அதன் தலைக்கு மேல் கொஞ்சம் வானம், அடியில் புழுதி. புழுதிக்குள் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகும் ஒரு மனிதர். அவருடைய முதுகும் ஒரு கன்னமும் மட்டும் தெரியும். இடது ஓரத்தில், எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு சிறுவன் வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

படத்தை விழா மலர் அட்டைக்குக் கொடுத்தேன். என் பெயரோடு அச்சானது. அடுத்த ஜனவரியில் பாத்திரக்கடை ஒன்றில் நாள்காட்டி தொங்கக் கண்டேன். அட்டையில் என் தேர். மேலே கடையின் பெயர், கீழே அச்சகத்தின் பெயர் எறும்பு எழுத்தில். என் பெயர் எங்கும் இல்லை. சிறுவனும் இல்லை. அட்டையின் அளவுக்காக இடது ஓரத்தை வெட்டியிருந்தார்கள்.

கடைக்காரரிடம் கேட்டு ஒரு நாள்காட்டி வாங்கி வந்து, ஸ்டுடியோவில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சுப் படம் புள்ளிகளால் ஆனது. அச்சான படத்தையே மறுபடி படமெடுத்து அச்சிட்டால் புள்ளிமேல் புள்ளி விழுந்து மீன்செதில் போல ஒரு கோலம் தெரியும். தேரின் தொம்பைகள் மேலெல்லாம் செதில் செதிலாக இருந்தது. விழா மலரிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

சிவகாசி அச்சகத்தின் உரிமையாளர் அறுபது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் பேனா. என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நாள்காட்டியை மேசைமேல் வைத்தேன்.

“தேர் உங்களுதா தம்பி? தியாகேசருது. எல்லாருக்கும் பொதுச்சொத்து.”

“தேர் எல்லாருக்கும் பொது, அண்ணாச்சி. அந்த மொட்டை மாடில நாலு மணிலேர்ந்து நின்னது நான்தான்.”

சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. நெகட்டிவை வாங்கி, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வைத்து, கண்ணில் லூப்பைப் பொருத்திக்கொண்டு குனிந்தார். ஆரஞ்சு நிறப் பிலிமில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழாக இருக்கும். பழகாதவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர் முப்பது வருஷமாகப் பிலிம் பார்த்த மனிதர். இடது ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

“இங்க ஒரு பய நிக்கானே. காதைப் பொத்திக்கிட்டு.”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. வெட்டப்பட்ட படத்தை வைத்திருப்பவரிடம் ஓரம் இருக்காது. ஓரம் வைத்திருப்பவன்தான் எடுத்தவன். இதை எந்தச் சட்டப் புத்தகமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, தொழில் சொல்லிக் கொடுத்திருந்தது.

“அடிச்சது அடிச்சாச்சு. எல்லாம் ஊர் ஊரா சுவத்துல தொங்குது. கழட்டவா முடியும்? என்ன வேணும்னு சொல்லுங்க.”

அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. பஸ்ஸில் வந்த அத்தனை நேரமும் பணத்தைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். வாய் திறந்தபோது வேறு வந்தது. “பேர் போடணும் அண்ணாச்சி.” ஆயிரத்து ஐநூறு ரூபாயும் கொடுத்தார். அடுத்த ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் வழக்கம்போல நாள்காட்டி ஆல்பங்கள் வெளியானபோது எனக்குத் தபாலில் ஒரு தாள் வந்தது. அதே தேர், இந்த முறை சிறுவனோடு. அடியில் “ஒளிப்படம்” என்று போட்டு என் பெயர்.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். ஊரில் வக்கீல் நண்பர் ஒருவர் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை வரி வரியாக விளக்கினார். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது என்றார். மகிழ்ந்துபோனேன். அடுத்த நிமிடமே 17ஆம் பிரிவைக் காட்டினார். ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் காசு வாங்கி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். நான் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவும் என்னுடையது இல்லை. யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல் எடுத்த தேர் மட்டும் என்னுடையது. 57ஆம் பிரிவை அன்றைக்கு இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உரிமையையே விற்றுவிட்டாலும், இதைப் படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனிடமே நிற்கும் என்கிறது அது. சிவகாசியில் என் வாயில் தானாக வந்ததைச் சட்டம் முன்பே எழுதி வைத்திருந்தது.

2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒளிப்படத்துக்கு மட்டும் தனிக் கணக்கு. வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம்தான். எழுத்தாளனுக்கும் ஓவியனுக்கும் ஆயுளும் அதற்குமேல் 60 வருஷமும். திருத்தத்தில் 25ஆம் பிரிவை எடுத்துவிட்டு எங்களையும் அவர்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள். அதைச் செய்தித்தாளில் படித்த அன்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

இனி இந்தக் காலம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனி இரவில் மகள் செல்போனை நீட்டினாள். “அப்பா, இது உங்க தேர்தானே?” ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் பக்திப் பக்கம் ஒன்று. பின்னணியில் பாட்டு ஓட, என் படம் மெல்ல மெல்லப் பெரிதாகி வருகிறது. வானத்துக்கு யாரோ நீலம் கூட்டியிருந்தார்கள். என் பெயர் இருந்த கீழ் ஓரத்தை வெட்டி, அங்கே அந்தப் பக்கத்தின் பெயரைப் பதித்திருந்தார்கள். சிறுவன் மறுபடியும் இல்லை. லட்சக்கணக்கானோர் பார்த்து, ஆயிரக்கணக்கானோர் கைகூப்பியிருந்தார்கள்.

முதல் வேகத்தில், எங்கே போக வேண்டும் என்றுதான் கேட்டேன். “எங்கேயும் போக வேண்டாம்ப்பா, ஒரு ஃபார்ம் இருக்கு” என்றாள்.

அந்தப் படிவத்தை முழுதாக நிரப்ப எங்களுக்கு இரண்டு இரவு ஆனது. நீங்கள் உரிமையாளரா, அவர் சார்பில் வருகிறவரா? படைப்பு எது? மீறல் எங்கே நடந்திருக்கிறது, அதன் சுட்டி என்ன? நல்லெண்ணத்தோடு இந்தப் புகாரைத் தருகிறேன், சொன்னது பொய்யானால் பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரைத் தட்ட வேண்டும். இந்தக் கட்டங்கள் எதுவும் அந்தத் தளம் தானாக யோசித்துப் போட்டது இல்லை. 1998இல் அமெரிக்கா இயற்றிய டிஎம்சிஏ சட்டத்தின் 512ஆம் பிரிவில் ஒரு புகாரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைத்தான் அப்படியே கட்டங்களாக ஆக்கியிருந்தார்கள். திருவாரூர்க் கீழவீதியில் எடுத்த படத்துக்கு நான் வாஷிங்டனில் எழுதிய சட்டத்தின்மேல் சத்தியம் செய்தேன். சத்தியம் உண்மையானது, அதனால் விரல் நடுங்கவில்லை. ஆனாலும் அந்த வரியைத் தாண்டக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு கட்டத்தில் நின்றுவிட்டோம். உங்கள் மூலப் படைப்பு இணையத்தில் எங்கே இருக்கிறது, சுட்டி தரவும் என்றது. மூலம் என் இரும்பு பீரோவில் இருக்கிறது. அதற்குச் சுட்டி ஏது? மகள் யோசித்தாள். நெகட்டிவை ஸ்கேன் செய்து, அன்றிரவே ஒரு பக்கம் தொடங்கி, அதில் ஏற்றி, அந்தச் சுட்டியைக் கொடுத்தோம். அனுப்பிய பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. இணையத்தின் கணக்குப்படி அவர்கள் வைத்திருக்கும் நகலுக்கு வயது ஒன்றரை மாதம். என் அசலுக்கு வயது பத்து நிமிடம். முப்பது வருஷத்து நெகட்டிவ் அதன் நகலுக்குத் தம்பியாகிவிட்டது.

எதிர்பார்த்தபடியே ஒரு பதில் வந்தது. கூடுதல் விவரம் தேவை. பதிலின் அடியில் ஒரு நீண்ட எண் இருந்தது, மனிதப் பெயர் எதுவும் இல்லை. முழு நெகட்டிவையும் விளக்கு மேசையில் வைத்து, ஓரத்தில் பிலிமின் எண் தெரிய, சிறுவன் தெரியப் படமெடுத்து அனுப்பினோம். யாராவது குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அண்ணாச்சி லூப்பை எடுத்து நிமிர்ந்த அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த முகத்துக்காகக் காத்திருந்தேன் என்று இப்போது புரிகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஒழுங்கு உண்டு. 2013ஆம் வருஷத்து விதிகளின்படி, முறையான புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார் கொடுத்தவர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி காட்டலாம். ஒவ்வொரு நகலுக்கும் தனித்தனியாகச் சுட்டி தரச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 2016இல் மைஸ்பேஸ் வழக்கில், எந்த இடத்தில் எது மீறப்பட்டது என்று குறிப்பாகத் தெரிந்தால்தான் தளத்தைப் பொறுப்பாக்க முடியும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர்கள் தினமும் ஏற்றுவதை எல்லாம் ஒரு தளம் எப்படி அறியும்? ஆனால் அந்த வழக்கை நடத்தியது டி-சீரிஸ் இசை நிறுவனம். சுட்டிகளைத் தேட அவர்களிடம் ஆள் உண்டு. யூடியூப் 2007இல் தொடங்கிய கன்டென்ட் ஐடி போன்ற ஒப்பீட்டு இயந்திரங்களும் பெரிய உரிமையாளர்களுக்குத்தான் எட்டும். என்னிடம் இருந்தது ஒரு மகளும் அவளுடைய தூக்கமும். ஒரு சுட்டியை அடைத்தால் மூன்று முளைத்தன. வாட்ஸ்அப்பில் ஓடியவற்றுக்குச் சுட்டியே கிடையாது.

மூன்றாம் நாள் படத்தை நீக்கினார்கள். மகள் எழுப்பிக் காட்டினாள். தேர் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரம். அதன்மேல், பதிப்புரிமைப் புகாரால் இது நீக்கப்பட்டது என்ற வாசகம். பக்கத்தில் புகார் கொடுத்தவர் என்று என் முழுப்பெயர்.

அந்தத் தேருக்குப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். வந்தபோது தேர் இல்லை. அதைப் பார்க்க வந்து பார்க்காமல் போகும் ஒவ்வொருவருக்கும் என் பெயர், தியாகேசரை மறைத்தவன் பெயராகத் தெரியும். மகள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அன்று காபி இறங்கவில்லை. படிவத்தை மறுபடி திறந்து மேலும் கீழும் தேடினேன். நீக்கு என்று கேட்க இடம் இருக்கிறது. பெயர் போடு என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. 57ஆம் பிரிவு தரும் உரிமை அந்தப் படிவத்துக்குத் தெரியாது. என்ன வேணும்னு சொல்லுங்க என்று அது கேட்கவே இல்லை.

புகார் கொடுத்தால் நம் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகும் என்று படிவத்திலேயே எழுதியிருந்தது. மகளுக்கு அது பயமாக இருந்தது. நாலாம் நாள் அந்த வழியாகத்தான் கடிதம் வந்தது. “ஐயா வணக்கம்” என்று தொடங்கிய தமிழ்க் கடிதம். கீழே தொலைபேசி எண். பேசினேன். இருபத்திரண்டு வயசுப் பையன், வேலை தேடிக்கொண்டே பக்கம் நடத்துகிறான். யாரோ அனுப்பிய படம், யார் எடுத்தது என்று தெரியாது என்றான். வானத்துக்கு நீலம் கூட்டியது அவன்தான். பெயரை வெட்டியது அவனுக்கு முன்னால் யாரோ.

“மூணு புகார் வந்தா பக்கமே போயிடும்யா. இது ரெண்டாவது. எடுத்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்.”

கோபமாகப் பேசத்தான் அழைத்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் முந்தின வருஷம் நடந்தது நினைவுக்கு வந்தது. தேர் நகர்வதை நானே செல்போனில் படம்பிடித்து வேறொரு தளத்தில் ஏற்றியிருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒலியை அடைத்துவிட்டார்கள், ஓர் இசைக் கம்பெனியின் உரிமைக் கோரல் என்று. எங்கள் ஊரில் பிறந்து 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைக்கு யாரடா உரிமை கேட்பது என்று கொதித்தேன். இரவில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, பந்தல் ஒலிபெருக்கியில் ஒருவர் பாடிய ஒலிப்பதிவு பின்னால் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்தனை பொதுச்சொத்து, அந்த ஒலிப்பதிவு பொதுச்சொத்து இல்லை. கோரல் சரிதான். பாடியவர் யார் என்று அன்றைக்கு நானும் தேடிப் பார்க்கவில்லை.

“உனக்கு என்னப்பா வேணும்?” என்று கேட்டேன்.

“படம் வேணும்யா. நிறைய பேர் கேக்கறாங்க. உங்க பேரைப் பெருசா போட்டுடறேன்.”

புகாரைத் திரும்பப் பெறுவதற்கும் வழி இருந்தது. மகள் இன்னும் கொஞ்சம் தயங்கினாள், பிறகு செய்து கொடுத்தாள். முழு நெகட்டிவின் ஸ்கேனை, சிறுவனோடு, நீலம் கூட்டாத வானத்தோடு அவனுக்கு அனுப்பினேன். இந்த முறை பெயரை ஓரத்தில் வைக்கவில்லை. தேரின் நிழல் விழும் இடத்தில், வெட்டினால் சக்கரமும் போய்விடும்படி வைத்தேன். மறுநாள் அவன் அழைத்தான்.

“ஐயா, உங்க பேர் போட்டாச்சு. ஒருத்தர் கமென்ட்ல கேக்கறார், கீழே கட்டை போடறாரே அவர் யாருன்னு. அவர் பேர் சொன்னா அதையும் போட்டுடறேன்.”

எனக்குத் தெரியாது. முப்பது வருஷமாகத் தெரியாது. சிவகாசி வரை பஸ்ஸில் சுமந்துபோனது அவர் முதுகைத்தான். சக்கரம் அவர் தலைக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கிறது. அவர் கை தவறியிருந்தால் அன்றைக்குத் தேரும் இல்லை, படமும் இல்லை. ஸ்டுடியோச் சுவரில் அதைப் பெரிதாகப் போட்டு மாட்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன், மொட்டை மாடியைப் பற்றிச் சொன்னேன்.

மறுநாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு கீழவீதிக்குப் போனேன். தேர்முட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். முதுகை வைத்து ஒருவர் ஒரு பெயர் சொன்னார், இன்னொருவர் மறுத்தார். மூன்றாமவர் கன்னத்து மருவைக் காட்டி வீட்டையே சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவருடைய மகன் இருந்தார். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இப்போது அவரும் கட்டை போடுகிறார். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்றார். அப்பாவின் படம் ரேஷன் கார்டில் இருந்ததுதான், வேறு இல்லை என்றார். படத்தைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, “அம்மா, இங்க வாங்க” என்று கூப்பிட்டார்.

அந்த அம்மா கண்ணுக்கு மிக அருகில் படத்தைப் பிடித்துப் பார்த்தார். “அந்த வேட்டிதான்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பையனுக்குப் பெயரை அனுப்பினேன். பிறகு பீரோவைத் திறந்து நெகட்டிவை எடுத்தேன். உறையின் மூலையில் என் பெயர் இருந்தது. அதற்கு மேலே அவர் பெயரை எழுதினேன், பென்சிலால். பேனா மை கசிந்தால் பிலிம் கெட்டுவிடும்.